கருவில் கதிர்வீச்சு பட்ட எலிகளின் நடத்தையை ஆராயப் போகிறீர்களா? தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கைடு தலைப்பைக் கொடுத்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது வாட்டர் மேஸ் தொட்டியையும் (நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை எலி நீந்தித் தேடும் நினைவாற்றல் சோதனை) வீடியோ மென்பொருளையும்தான். தேடட்டும், ஆனால் இந்த வேலையில் சுலபமான பகுதி அதுதான். எலியை நீந்தவிட்டுப் படம் பிடிக்க யாரும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். ஆராய்ச்சி கெட்டுப்போவது அதற்குப் பல மாதம் முன்பே: கர்ப்ப நாளை எண்ணிய விதத்தில், தாயைக் கதிர்ப்பெட்டிக்குள் வைத்த விதத்தில், எத்தனை ஈற்று, அதாவது ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிக் கூட்டம், வேண்டும் என்று போட்ட கணக்கில். நான் திண்டாடிய இடங்களும் அவைதான். அதனால் இந்தக் கட்டுரையில் சோதனைகளைவிட அதற்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கட்டுரையில் 'எலி' என்றால் பெரிய ஆய்வக எலி, 'சுண்டெலி' என்றால் சிறியது. இரண்டுக்கும் நாட்கணக்கு வேறு என்பதால் பிரித்தே சொல்கிறேன்.

1. முதலில் கர்ப்ப நாளையும் டோஸையும் முடிவு செய்யுங்கள்

'கர்ப்ப காலக் கதிர்வீச்சின் விளைவுகள்' என்று பொதுவாக எழுதி வைத்தால் வேலை நகராது. எந்த நாளில் கதிர் பட்டது என்பதைப் பொறுத்து ஆராய்ச்சியே வேறாகிவிடும். கரு கருப்பையில் பதியும் முன் பட்டால் பெரும்பாலும் கரு இறந்துபோகும், அல்லது தப்பிப் பிழைத்து இயல்பாக வளரும். உறுப்புகள் உருவாகும் நாட்களில் பட்டால் உடற்குறைகள் வரும். மூளைப் புறணியின் நரம்பணுக்கள் பிறந்து தங்கள் இடத்துக்கு நகரும் நாட்களில் பட்டால்தான், பார்க்க நன்றாக இருந்தும் வேறு மாதிரி நடந்துகொள்கிற குட்டி கிடைக்கும். எலிக்கு இது ஏறத்தாழ 13 முதல் 17ஆம் நாள் வரை, சுண்டெலிக்கு 11 முதல் 15 வரை.

அதற்குள்ளும் நாள் முக்கியம். புறணியின் உள்ளடுக்குகள் முதலிலும் வெளியடுக்குகள் பிறகும் உருவாகின்றன. இரண்டு நாள் தள்ளிப்போனால் நீங்கள் சேதப்படுத்துவது வேறொரு அடுக்கு. சிறுமூளையின் குருணை அணுக்கள் இந்த விலங்குகளில் பெரும்பாலும் பிறந்த பிறகே உருவாகின்றன. ஆகவே சிறுமூளை சார்ந்த கேள்வி என்றால் 15ஆம் நாள் கதிர்வீச்சு உங்களுக்குச் சரிவராது.

மனிதர்களோடு ஒப்பிட்டு எழுத வேண்டியிருக்கும். ஹிரோஷிமா, நாகசாகியில் கருவில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், கருத்தரித்து 8 முதல் 15 வாரத்துக்குள் கதிர் பட்டவர்களிடம்தான் கடுமையான அறிவு வளர்ச்சிக் குறை அதிகம் காணப்பட்டது. 16 முதல் 25 வாரம் வரை அந்த ஆபத்து குறைவு. எலியின் புறணி உருவாகும் நாட்களைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே நல்ல காரணம். பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம், அந்தக் கடுமையான குறைக்குக் குறைந்தது 300 மில்லிகிரே (கிரே என்பது உடல் உறிஞ்சும் கதிரின் அலகு) என்ற தொடக்க வரம்பு இருப்பதாகக் கொள்கிறது. அறிமுகப் பகுதிக்கு இவ்வளவு போதும்.

டோஸ் விஷயத்தில் என் பரிந்துரை நான்கு குழுக்கள்: ஷாம், அதாவது கதிர் இல்லாமல் மற்ற எல்லாம் செய்யப்படும் குழு, அப்புறம் 0.1, 0.3, 1 கிரே. 1 கிரே எதற்கு என்று கேட்பார்கள். அந்த அளவில் மூளை சிறுத்துப்போவது எடையிலேயே தெரிந்துவிடும், ஆகவே உங்கள் முறை வேலை செய்கிறதா என்று சொல்லப்போவது அந்தக் குழுதான். 0.1 கிரேக்குக் கீழே மட்டும் வைத்துத் தொடங்காதீர்கள். அந்தப் பகுதியில் வெளிவந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. உங்களுக்கு 'வித்தியாசம் இல்லை' என்று வந்தால், கதிர் பாதிக்கவில்லையா, உங்கள் சோதனை மந்தமா என்று சொல்ல வழியே இருக்காது.

பழைய பேப்பர்களைப் படிக்கும்போது அலகைப் பாருங்கள். 100 ராட் ஒரு கிரே. ராண்ட்ஜன் வேறு, அது காற்றில் அயனியாக்கத்தின் அளவு. 1 ராண்ட்ஜன் மென்திசுவில் ஏறத்தாழ 0.0096 கிரே. சீவர்ட் மனிதப் பாதுகாப்புக்கான அலகு, எலிக்கு அதில் டோஸ் எழுத வேண்டாம்.

2. கர்ப்ப நாளை எண்ணும் முறையை எழுதி ஒட்டி வையுங்கள்

இனச்சேர்க்கை உறுதியான காலையைச் சிலர் 0ஆம் நாள் என்கிறார்கள், சிலர் 0.5, சிலர் 1. நீங்கள் பின்பற்றும் பேப்பரில் '15ஆம் நாள்' என்றிருந்தால் அது உங்கள் 14ஆம் நாளாக இருக்கலாம். முந்தின தலைப்பில் சொன்ன அடுக்குக் கணக்கை நினைத்துப் பாருங்கள், ஒரு நாள் என்பது சின்ன விஷயமில்லை. எந்த முறை என்று முடிவு செய்து, விலங்கு அறையில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டிவிடுங்கள். விடுமுறை நாளில் வேறொருவர் வந்து பார்த்தாலும் அதே கணக்கு ஓட வேண்டும்.

சுண்டெலியில் காலையில் யோனி அடைப்பை, அதாவது இனச்சேர்க்கைக்குப் பின் அங்கே உறைந்திருக்கும் கட்டியை, பார்த்தால் போதும். எலியில் அந்த அடைப்பு பல நேரம் கீழே விழுந்துவிடும், எனவே யோனியைக் கழுவிய நீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் நம்பகமானது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு, குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஓரம் மடிந்த செதில் போன்ற பெரிய அணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே கொக்கி வளைவுத் தலையும் நீண்ட வாலுமாக விந்தணுக்கள் கிடக்கும். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. துளி உலரும் முன் பார்த்துவிடுங்கள்.

இரவு முழுக்கச் சேர்த்து வைத்தால் கருத்தரித்த நேரத்தில் அரை நாள் வரை தடுமாற்றம் இருக்கும். துல்லியம் வேண்டுமென்றால் சில மணி நேரம் மட்டும் சேர்த்து வைக்கலாம், ஆனால் கிடைக்கும் கர்ப்பங்கள் குறையும். இவற்றின் இனப்பெருக்கச் சுழற்சி 4 முதல் 5 நாள். எந்த இரவை எடுத்தாலும் நான்கைந்து பெண்களில் ஒன்றுதான் தயாராக இருக்கும். சுண்டெலியில் இதற்கு ஒரு வழி உண்டு: ஆண் இருந்த கூண்டின் அழுக்குப் படுக்கையை மூன்று நாள் முன்பே பெண்களின் கூண்டில் போட்டால் பலவும் ஒரே சமயத்தில் தயாராகும். இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு. புதிதாகக் கருத்தரித்த சுண்டெலியின் பக்கத்தில் பழக்கமில்லாத ஆணின் வாசனை பட்டால் கர்ப்பம் கலையலாம். அதே அறையில் புது ஆண்களைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

கர்ப்பிணி எலிகளை வெளியிலிருந்து வாங்கினால் பயணமே ஒரு மன அழுத்தம். கதிர்வீச்சு நாளுக்கு முந்தின நாள் வந்து இறங்குகிற மாதிரி ஆர்டர் போட வேண்டாம், குறைந்தது ஒரு வாரம் இடைவெளி இருக்கட்டும். அனுப்புகிறவர் கர்ப்ப நாளை எப்படி எண்ணுகிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. அனுமதிகள்: இரண்டு குழுவுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பியுங்கள்

இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று விலங்கு நெறிமுறைக் குழுவிடம், இன்னொன்று கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழுவிடம். முதலாமவர் 'கதிர்வீச்சு அனுமதி எங்கே' என்பார், இரண்டாமவர் 'நெறிமுறை அனுமதி எண் என்ன' என்பார். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று இருந்தால் மாதங்கள் ஓடிவிடும். இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றதன் நகலை இணைத்து, 'பரிசீலனையில் உள்ளது' என்று குறிப்பிடுங்கள். நிபந்தனையோடு ஒப்புதல் தர முடியுமா என்று செயலாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

நெறிமுறை விண்ணப்பத்தில் வழக்கமாகத் திரும்பி வருகிற கேள்விகள் இவை:

குட்டிகளின் எண்ணிக்கை. '80 எலிகள்' என்று தாய்களை மட்டும் எழுதி அனுப்புகிறவர்கள் நிறைய. பிறக்கப்போகும் குட்டிகளும் கணக்கில் வரும். ஓர் ஈற்றுக்குச் சராசரியாகப் பத்துக் குட்டி என்று வைத்தாலே 800 ஆகிவிட்டது.

மிகுதிக் குட்டிகளை என்ன செய்வீர்கள், எந்த முறையில். பிறந்த குட்டிகள் ஆக்சிஜன் குறைவை நெடுநேரம் தாங்கும். பெரிய விலங்குக்கு எழுதிய கார்பன் டையாக்சைடு முறையை அப்படியே எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்.

குட்டிகளுக்கு அடையாளம் இடுவது. விரல் நுனியை வெட்டும் முறைக்கு எதிர்ப்பு வரும். பாதத்தில் பச்சை குத்துவது எளிதில் ஏற்கப்படுகிறது.

தாய்க்கு எந்த நிலையில் ஆராய்ச்சியை நிறுத்துவீர்கள். எடைக்குறைவு, முதுகைக் கூனி நிற்பது, கூடு கட்டாமல் இருப்பது என்று அளக்கக்கூடியவற்றை எழுதுங்கள்.

கதிர்வீச்சுப் பக்கம் பயிற்சிச் சான்று, உங்கள் பெயருக்கு டோஸ் பேட்ஜ் (உங்கள் மேல் படும் கதிரை அளப்பது), கருவியை இயக்க உரிமை பெற்றவரின் ஒப்புதல், பதிவேடு ஆகியவை வேண்டும். பேட்ஜ் வர நேரம் பிடிக்கும், முதல் வேலையாக அதற்கு எழுதிப் போடுங்கள். குழுவில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அவர் தெரிவித்த பிறகு மீதிக் கர்ப்ப காலத்தில் கருவுக்குக் கூடுதலாக 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டு ஆணையத்தின் பரிந்துரை. இதை முதல் கூட்டத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், தனியாக வந்து கேட்கத் தயங்குவார்கள்.

இன்னொன்று, விலங்கு அறைப் பணியாளர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எக்ஸ்-ரே அல்லது காமா கதிர் பட்ட எலி கதிரியக்கம் உள்ளதாக மாறாது. அதைத் தொடலாம், கூண்டைக் கழுவலாம். இதை யாரும் சொல்லாததால் ஒரு இடத்தில் கூண்டு சுத்தம் செய்ய மறுத்துவிட்டார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

அனுமதிகளிலேயே பெரிய பொறி எதுவென்று கேட்டால் நான் சொல்வது, விலங்கு மீண்டும் உள்ளே வரும் வழி. கதிர்க்கருவி பெரும்பாலும் நோய்க்கிருமித் தடுப்பு அறைக்கு வெளியே இருக்கும். ஒரு முறை வெளியே போன விலங்கை மறுபடி உள்ளே விடமாட்டேன் என்பது பல விலங்கு இல்லங்களின் விதி. அப்படியானால் கதிர் பட்ட தாயும், பிறக்கும் குட்டிகளும், அவற்றின் கடைசி நாள் வரை வேறு அறையில்தான் இருக்க வேண்டும். அந்த அறையில் இடம் இருக்கிறதா, நடத்தைச் சோதனை நடக்கும் இடம் அந்தப் பக்கம் இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு எலியைக்கூட இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள்.

4. தாயைத்தான் எண்ண வேண்டும்: எண்ணிக்கையும் செலவும்

நீங்கள் டோஸ் கொடுப்பது தாய்க்கு. ஒரே ஈற்றில் பிறந்த எட்டுக் குட்டிகள் ஒரே கருப்பை, ஒரே டோஸ், ஒரே பால், ஒரே கவனிப்பு பெற்றவை. அவை எட்டுத் தனி விலங்கு ஆகாது. குழுவுக்கு 5 தாய், 40 குட்டி என்று வைத்து எண்ணிக்கை 40 என்று எழுதினால், உண்மையான எண்ணிக்கை 5 என்று ரிவ்யூவர் எழுதித் திருப்புவார். அப்படிச் செய்த கணக்கில் இல்லாத வித்தியாசம் இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு, நீங்கள் நினைத்த 5 சதவீதத்தை எங்கோ தாண்டிவிடும். நரம்பு வளர்ச்சி நச்சியல் சோதனைகளுக்கான ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 426 என்ற 2007ஆம் ஆண்டு வழிகாட்டி, குழுவுக்கு 20 ஈற்று என்கிறது. ஆராய்ச்சி மாணவருக்கு அது கட்டாயமில்லை. ஆனால் அதைவிடக் குறைக்கிறீர்கள் என்றால், சிறிய முன்னோட்டத்தில் ஈற்றுக்கு ஈற்று எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அந்தக் கணக்கைக் காட்டிக் குறையுங்கள்.

செலவு என்றால் எல்லோரும் கதிர்க்கருவிக் கட்டணத்தைத்தான் நினைக்கிறார்கள். ஒரு தாய் பெட்டிக்குள் இருப்பது சில நிமிடம். உண்மையில் பணத்தைத் தின்பது கூண்டுகளின் நாள் வாடகை. நான்கு குழு, குழுவுக்கு 20 என்றால் 80 ஈற்று. சேர்ந்த நான்கில் மூன்று குட்டி ஈனும் என்று வைத்தால் 107 பெண்களை உறுதிசெய்ய வேண்டும். ஈற்றுக்கு 8 குட்டி விட்டு, எல்லாவற்றையும் வளர்த்தால் 640 விலங்கு. மூன்றுக்கு ஒரு கூண்டு என்றால் 200க்கு மேல் கூண்டு, அதுவும் பல மாதம். மாறாக, பால் மறந்ததும் ஈற்றுக்கு ஓர் ஆண், ஒரு பெண் மட்டும் வைத்துக்கொண்டால் 160 விலங்கு, 54 கூண்டு போதும். ஈற்றுதான் எண்ணிக்கை என்பதால் அந்த மிச்சக் குட்டிகளை வளர்த்து உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளியியல் வலிமை மிகக் குறைவு. வேறு ஒரு சோதனைத் தொகுப்புக்கு வேண்டுமென்றால் இன்னொரு ஜோடியை வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

80 தாயையும் ஒரே வாரத்தில் கதிர்ப்படுத்த முடியாது. தொகுதி தொகுதியாகத்தான் நடக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு குழுவும் இருக்க வேண்டும். இந்த மாதம் ஷாம், அடுத்த மாதம் 1 கிரே என்று செய்தால், பருவமும் பணியாளரும் தீவனப் பையும் மாறியதெல்லாம் கதிர்வீச்சின் கணக்கில் போய்ச் சேரும்.

நேரத்துக்கு ஒரு தோராயம்: இனச்சேர்க்கை ஒரு வாரம், கர்ப்பம் மூன்று வாரம், பால் மறக்க மூன்று வாரம், முழு வளர்ச்சிக்கு இன்னும் ஐந்தாறு வாரம், வளர்ந்த விலங்கின் சோதனைகளுக்கு ஆறு வாரம். ஒரு தொகுதிக்கே நாலு மாதத்துக்கு மேல். முதுமையில் என்ன ஆகிறது என்று பார்க்கும் எண்ணம் இருந்தால் தீசிஸ் கெடுவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

5. டோஸை நீங்களே அளந்து பாருங்கள்

கருவியின் திரையில் வரும் எண்ணை நம்பி எழுதக் கூடாது. சீசியம்-137 மூலத்தின் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் குறையும். கோபால்ட்-60க்கு 5.27 ஆண்டு, மாதத்துக்கே ஒரு சதவீதம் குறையும். சுவரில் ஒட்டியிருக்கும் வெளியீட்டு அட்டவணை எந்தத் தேதிக்கானது என்று பாருங்கள். எக்ஸ்-ரே கருவி என்றால் மின்னழுத்தம், வடிகட்டி, அரைமதிப்புத் தடிமன் (கதிரைப் பாதியாகக் குறைக்கும் தகட்டின் தடிமன்) மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள், பேப்பரில் கேட்பார்கள்.

அளக்க வேண்டிய இடம் கருப்பை இருக்கும் ஆழம். நீர் அல்லது அக்ரிலிக்கில் கர்ப்பிணி எலி அளவுக்கு ஒரு மாதிரி உடல் செய்து, அளவுத்திருத்தம் செய்த அயனியாக்கக் கலத்தை (கதிரை அளக்கும் கருவி) அதன் நடுவில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மருத்துவ இயற்பியலாளர் ஒருவர் உடன் இருந்தால் அரை நாள் வேலை. எக்ஸ்-ரே உடலுக்குள் போகப் போகக் குறைவதால் கர்ப்பிணி எலியின் பருமனில் ஒரு பக்கக் கருவுக்கும் மறு பக்கக் கருவுக்கும் டோஸ் மாறும். பாதி நேரம் ஒரு பக்கம், மீதி மறு பக்கம் என்று கொடுத்தால் இது பெருமளவு சரியாகும். கோபால்ட் என்றால் தோலருகே டோஸ் முழு அளவை எட்ட ஐந்து மில்லிமீட்டர் தடிமன் வேண்டும், எலியை வைக்கும் பெட்டியின் சுவர் அதைப் பார்த்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

குறைந்த டோஸில் ஒரு வில்லங்கம். கருவி நிமிடத்துக்கு 1 கிரே கொடுத்தால் 0.1 கிரேக்கு ஆறே வினாடிதான். மூலம் வெளியே வந்து உள்ளே போகும் நேரமே அதில் கணிசமான பங்கு. தூரத்தை அதிகப்படுத்தியோ தடுப்புத் தகடு வைத்தோ டோஸ் வீதத்தைக் குறையுங்கள். ஆனால் எல்லாக் குழுவுக்கும் ஒரே வீதம் இருக்கட்டும். வீதம் மாறினால் விளைவும் மாறும்.

6. கதிர்வீசும் நாள்

கர்ப்பிணி எலியை ஒரு குழாயில் அடைத்து வைப்பதே குட்டிகளின் பிற்கால நடத்தையை மாற்றும். கர்ப்ப கால மன அழுத்தத்தை ஆராய்கிறவர்கள் வேண்டுமென்றே செய்கிற காரியம் இது. நீங்கள் அதை அறியாமல் செய்துவிடக் கூடாது. எனவே, உள்ளே திரும்பி உட்காரும் அளவு இடமும் காற்றுத் துளைகளும் உள்ள பெட்டியைப் பயன்படுத்துங்கள். சில நாள் முன்பிருந்தே தினமும் கொஞ்ச நேரம் அதில் விட்டுப் பழக்குங்கள். மயக்க மருந்து வேண்டாம். கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

ஷாம் குழு என்றால் கூண்டிலேயே விட்டுவிடுவது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதே வண்டி, அதே அறை, அதே பெட்டி, அதே நேரம், கதிர் மட்டும் இல்லை. ஒரே டோஸ் வீதத்தில் 1 கிரே குழுவுக்கு நேரம் அதிகம் ஆகும் அல்லவா? எல்லாக் குழுவையும் அந்த அதிகபட்ச நேரம் பெட்டியில் வையுங்கள். இடம் இருந்தால் எங்கேயும் கொண்டுபோகாத, தொடாத குழு ஒன்றையும் சேருங்கள். ஷாமுக்கும் அதற்கும் இடையே வித்தியாசம் வந்தால், உங்கள் முறையே தாயை எவ்வளவு உலுக்குகிறது என்பது தெரிந்துவிடும்.

தாய்களை எடையைப் பார்த்து, குலுக்கல் முறையில் குழுவுக்குப் பிரியுங்கள். நாளின் ஒரே நேரத்தில் செய்யுங்கள். பதிவேட்டில் தாய் எண், கர்ப்ப நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அறை வெப்பநிலை, இயக்கியவர் கையெழுத்து எல்லாம் அந்த நேரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

7. பிரசவம் முதல் பால் மறக்கும் வரை

எலிக்கு 21-22 நாள், சுண்டெலிக்கு 19-20 நாள். அந்த நாட்களில் காலையும் மாலையும் பாருங்கள். இறந்த குட்டிகளைத் தாய் தின்றுவிடும் என்பதால் முதல் எண்ணிக்கை தாமதமானால் பிறந்தது எத்தனை என்பது கடைசிவரை தெரியாது. எண்ணுங்கள், ஆனால் முதல் நாள் அதிகம் கையாள வேண்டாம்.

4ஆம் நாள் ஈற்றை எட்டாகக் குறைப்பது வழக்கம், முடிந்தவரை நாலு ஆண், நாலு பெண். குலுக்கல் முறையில்தான் குறைக்க வேண்டும். சின்னதைத் தள்ளிவிட்டுக் கொழுத்ததை வைத்துக்கொண்டால் கதிர்வீச்சு பாதித்த குட்டிகளைத்தான் தள்ளிவிடுகிறீர்கள்.

கதிர் பட்ட தாயின் பால் குறைந்ததா, கவனிப்பு மாறியதா என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு முழுப் பதில், ஈற்றை அதே நாளில் ஈன்ற கதிர் படாத தாயிடம் மாற்றுவது. செய்தால் தாய்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். வசதி இல்லையென்றால் தாய் எடை, குட்டி எடை, கூட்டில் தாய் இருக்கும் நேரம் ஆகியவற்றையாவது அளந்து வையுங்கள். அதுவும் இல்லாமல் எழுதினால் ரிவ்யூவரிடம் தப்ப முடியாது.

இந்த மூன்று வாரத்தில் அனிச்சைச் செயல்களைப் பார்க்கலாம். மல்லாக்கப் போட்டால் புரண்டு எழுவது, விளிம்பிலிருந்து பின்வாங்குவது, சரிவில் திரும்புவது. கடைசியானது பார்க்கவே சுவாரசியம். சொரசொரப்பான சரிவில் ஏழு நாள் குட்டியைத் தலைகீழாக வைத்தால் முதலில் தலையை இரண்டு பக்கமும் ஆட்டும், முன்னங்கால் ஒன்றை ஊன்றி உடம்பை மெல்ல வளைக்கும், பாதி திரும்பி நின்றுவிடும், பிறகு ஒரே மூச்சில் மேல்நோக்கித் திரும்பிவிடும். அந்தப் பாதியில் நிற்பதைத் திரும்பியதாக எண்ணுவதா வேண்டாமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். கதிர் பட்ட குட்டி எடை குறைந்தது என்பதால் தசை வலுவின்மையும் இங்கே அனிச்சையின் தாமதம் போலத் தெரியும். அன்றைய எடையைச் சேர்த்தே பதியுங்கள். கூட்டிலிருந்து எடுத்த குட்டி குளிர்ந்தால் மெதுவாகும், அடியில் மிதமான வெப்பம் வையுங்கள்.

8. வளர்ந்த விலங்கின் சோதனைகள்

வரிசை: விலங்குக்குக் குறைந்த மன அழுத்தம் தருவது முதலில், அதிகம் தருவது கடைசியில். பிளஸ் மேஸ் (பதற்றத்தை அளக்கும் கூட்டல் குறி வடிவப் பாதை), ஓப்பன் ஃபீல்டு (திறந்த வெளியில் நடமாட்டம்), புதுப்பொருள் அறிதல், ரோட்டராடு (சுழலும் உருளையில் சமநிலை), வாட்டர் மேஸ், மின்னதிர்ச்சி உள்ளது எதுவானாலும் கடைசி. பிளஸ் மேஸை ஒரு விலங்குக்கு ஒரு முறைதான் நம்பலாம், இரண்டாம் முறை அது அளப்பது வேறு எதையோ.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது வாட்டர் மேஸில். உறுப்புகள் உருவாகும் நாட்களுக்கு அருகில் கதிர் பட்டால் கண் சிறுத்துப்போகலாம். சிஎச்3எச் போன்ற சில சுண்டெலி இனங்கள் கதிர் இல்லாமலே விழித்திரை கெட்டு வளர்பவை. கண் தெரியாத விலங்கு மேடையைத் தேடித் தடுமாறினால் அதை நினைவாற்றல் குறை என்று எழுதிவிடுவோம். எனவே மேடை கண்ணுக்குத் தெரியும்படி வைத்த சோதனையை விடாமல் செய்யுங்கள். நேரத்தை மட்டும் பார்க்காமல் நீந்திய தூரத்தையும் வேகத்தையும் பாருங்கள். சிறிய உடல் தண்ணீரில் சீக்கிரம் குளிர்ந்துவிடும், ஒவ்வொரு முறை நீந்திய பிறகும் உலர்த்திச் சூடாக வையுங்கள். அதேபோல், திடீர் ஓசைக்குத் திடுக்கிடும் சோதனைக்கு சி57 சுண்டெலிகளை வயதான பின் பயன்படுத்தினால், அந்த இனத்துக்கு வயதோடு காது மந்தமாகும் என்பதை மறக்க வேண்டாம்.

யார் எந்தக் குழு என்று தெரியாமல்தான் சோதிக்க வேண்டும். ஆனால் 1 கிரே குழுவில் தலை சிறிதாக இருப்பது கைக்கே தெரிந்துவிடும். ஆகவே கையால் மதிப்பெண் போடும் சோதனைகளைக் குறைத்து, வீடியோவைக் கணினி எண்ணும் முறைக்கு மாறுங்கள்.

9. மூளை எடை, புள்ளியியல், எழுத்து

கடைசிச் சோதனை முடிந்ததும் மூளையை எடுத்து எடை போடுங்கள், பாதியைத் திசு ஆய்வுக்கு வையுங்கள். 1 கிரே குழுவில் மூளை எடை குறையவில்லை என்றால் நடத்தை டேட்டாவைத் திறக்கும் முன் டோஸ் பதிவேட்டையும் கர்ப்ப நாள் ஏட்டையும் சரிபாருங்கள். இரண்டில் ஒன்றில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

புள்ளியியலில் ஈற்றைத் தனிக் காரணியாக வைக்கும் கலப்பு மாதிரியோ, ஈற்றின் சராசரியோ, இரண்டில் எதுவும் சரி. ஆண், பெண் இரண்டையும் சேர்த்துக் குழப்பாமல் பாலினத்தை ஒரு காரணியாக வையுங்கள். எந்த அளவீடு முதன்மையானது என்பதைச் சோதனைக்கு முன்பே தேதியிட்டு எழுதி வைத்துவிடுங்கள். ஆறு சோதனை, ஒவ்வொன்றிலும் ஐந்து அளவீடு என்றால் தற்செயலாகவே ஒன்றிரண்டு மின்னும்.

எழுதும்போது, விலங்கு ஆராய்ச்சிக் கட்டுரையில் சொல்ல வேண்டியவற்றைத் தொகுத்து 2020இல் வந்த அரைவ் 2.0 பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத, இந்தத் துறைக்கு மட்டும் உரியவற்றை நீங்களே சேர்க்க வேண்டும்: கதிர் வகை, ஆற்றல், வடிகட்டி, டோஸ் வீதம், அளந்த ஆழம், அளந்த கருவி, அதன் அளவுத்திருத்தத் தேதி, கர்ப்பத்தின் முதல் நாளை எந்த எண்ணில் தொடங்கினீர்கள், ஷாம் குழு எத்தனை நிமிடம் பெட்டியில் இருந்தது, ஒவ்வொரு சோதனையிலும் எத்தனை ஈற்று. 0.1 கிரேயில் வித்தியாசம் ஏதும் வராவிட்டாலும் அந்த எண்களை முழுதாகப் போடுங்கள். குறைந்த டோஸ் பகுதியில் அடுத்து வருகிறவர் தன் எண்ணிக்கையைக் கணக்கிட அவைதான் உதவும்.